அழுத பிள்ளையும் அழாத பிள்ளையும்

மகளுக்கு ஸலாம்.

சுகம் விசாரிக்கும் கடிதங்களை உன் உம்மா எழுதுவாள். யாருக்குக் கலியாணம், யார் மௌத்து, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் அதில் வரும். இது வழக்குக் கடிதம். நீ எங்களைப் பற்றி இங்கிலீசில் எழுதி உலகத்துக்குக் கொடுத்தாய். நான் உனக்குத் தமிழில் எழுதி, பள்ளிக்கூட ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். ஊரைக் கூட்டி வைத்து நீ பேசியதற்கு நான் வீட்டுக்குள் பதில் சொன்னால் அது பதிலாக இராது. கல்முனைக்குடியில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த எல்லாரும் வாசிக்கட்டும்.

வருகிற மாதம் நீ விமானம் ஏறுகிறாய். பயணக் கடதாசி வேலைகளுக்காகக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று காலை மில்லுக்கு வந்து, கடல் கடக்கும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பதைக் கேட்டாய். "வாப்பா, என்னப் பொருந்திக்கொள்ளுங்க" என்றாய். தெரிந்தும் தெரியாமலும் செய்ததையெல்லாம் மன்னித்து விடை தருவதுதான் பொருத்தம். அதை வாங்காமல் நம் ஊரில் எவரும் ஹஜ்ஜுக்கும் போவதில்லை, சவூதிக்கு வேலைக்கும் போவதில்லை. நான் என்ன செய்தேன்? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். நாவிதன்வெளி நெல் லொறியில் நின்றது, எனக்கு வேலை இருந்தது. நீ தவிட்டுத் தூசிக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாய். உம்மா அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறாள். இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கு ஒரு பதில் தருவேன். ஆனால் என் பேச்சை முழுதாகக் கேட்டுத்தான் நீ அதை வாங்க வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவன். நின்றவன் என்று எழுதவில்லை, கவனி. என் வாப்பா மௌத்தானதும் மாமா என்னைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் நெல் மில்லில் விட்டார். அந்த மில்லின் எஞ்சின் பழுதானால் மட்டக்களப்பிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். அவர் வந்து புத்தகத்தை விரித்து, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லுவார். அந்தப் புத்தகத்தை ஒருநாள் இரவல் வாங்கி, பழைய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக உடைத்து வாசித்தேன். இங்கிலீசில் எனக்கு முதலில் தெரிந்த சொற்கள் வால்வும் பிஸ்டனும்தான். பிறகு மில் என்னுடையதானது. இன்றைக்கும் படித்தவர்கள் கூடுகிற இடத்தில் எனக்கு நாற்காலி போடுவார்கள், கருத்துக் கேட்கமாட்டார்கள். இது எனக்குப் பழைய கோபம். அதை ஆற விடுகிற எண்ணமும் எனக்கு இல்லை. நீயும் ஆற விடாதே. போகிற இடத்தில் உனக்கும் நாற்காலி போட்டுவிட்டுக் கருத்துக் கேட்காமல் இருப்பார்கள். அப்போது எழும்பி வராதே. உட்கார்ந்து கொண்டே கதை.

நீ கணிதம் படிக்கப் போகிறேன் என்றபோது ஊர் முழுக்க என் மில்லுக்கு வந்தது நினைவிருக்கிறதா? பொம்பிளைப் பிள்ளைக்கு டொக்டர் படிப்பு, இல்லாவிட்டால் ரீச்சர். கணிதம் படித்தால் யார் கலியாணம் முடிப்பான் என்று கேட்டார்கள். கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார், அவருக்கு வாய் சும்மா கிடக்காது, "மரைக்கார், மில்லுக்குக் கணக்கப்பிள்ள தேவையெண்டா நான் ஒரு பொடியனப் பாத்துத் தருவனே, பெத்த புள்ளையப் போட்டு ஏன் வதைக்கிறீங்க?" என்றார். நான் அவரிடம் உடுக்க வாங்கிய சாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றுவரை சாய்ந்தமருதுக்குப் போய்த்தான் சாரம் வாங்குகிறேன். பிறகு நீ வெளிநாட்டில் படித்து, கலாநிதி என்கிற டொக்டர் பட்டத்தோடு வந்தாய். டொக்டர் வந்திருக்கிறா என்று ஊரெல்லாம் கதை. அடுத்த நாள் காலையில் நம் வாசலில் காய்ச்சல், இருமல் என்று வருத்தம் வந்த பிள்ளைகளோடு தாய்மார் வரிசை. நீ தடுமாறி, "நான் மருந்து குடுக்கிற டொக்டர் இல்ல, ராத்தா. நான் கணக்கு டொக்டர்" என்றாய். ஒருத்தி அசையாமல் நின்று, "அப்ப கணக்குக்கு என்ன வருத்தம் புள்ள?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி என்று எனக்குப் பட்டது. நம் ஊர்க் கணக்குக்கு வருத்தம் ஒன்று இருந்தது. அதை நீ பின்னால் கண்டுபிடித்தாய். எனக்கு அது முன்னமே தெரியும்.

பிள்ளை பெறும் தாய்மாரும் பிறந்த சிசுக்களும் எங்கே, எப்போது, எதனால் சாகிறார்கள் என்று எண்ணுவது உன் தொழில். வருத்தம் எங்கே என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது, எண்ணாமல் வருத்தம் எங்கே என்று தெரியாது என்பாய். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தும் அதைத்தான் கதைத்தாய். இந்தக் கிழக்குக் கரை முழுக்கக் கேள்வித்தாளோடு நடந்தாய். உன்னோடு காரைதீவுப் பிள்ளை வசந்தி. இரண்டு பேரும் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போவதை மில் வாசலில் நின்று பார்ப்பேன். முஸ்லிம் வீடுகளுக்கு வசந்தி வந்தால் உனக்கு ஒரு ஊரும், தமிழ் வீடுகளுக்கு நீ போனால் அவளுக்கு ஒரு ஊரும் ஏசிய காலம் அது. நீங்கள் நிற்கவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று வசந்தி கேட்டாளாம். அவளை ஒருமுறை மில்லுக்குக் கூட்டிவந்து காட்டியிருக்கலாம்.

இனி வழக்குக்கு வருகிறேன். வாசிக்கிற பிற ஊராருக்காக ஒரு விளக்கம். நம் பக்கத்தில் பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. குடியில் நல்லது கெட்டது நடந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். என் குடிக்கு நான் மரைக்கார். பிறந்த சிசு ஒன்று மௌத்தாகிவிட்டால், அடக்கத்துக்கு முன், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பை, மரைக்காரிடம் ஒரு கேள்வி கேட்பார். பிள்ளை அழுததா? உயிரோடு பிறந்ததற்கு அதுதான் அடையாளம். ஒரு சத்தம் போட்டிருந்தால் அதற்குப் பேர் உண்டு, ஜனாஸாத் தொழுகை உண்டு. சத்தமே இல்லையென்றால் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அடக்குவோம், தொழுகை இல்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் பேரும் வைப்பதில்லை. எனவே மரைக்கார் அந்த வீட்டு வாசலுக்குப் போய், திரைக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கிற பெண்களிடம் கேட்பார். "அழுதிச்சா?" உள்ளேயிருந்து பதில் வரும். "ஓம். ஒரு சத்தம்."

நான் மரைக்காராக இருந்த காலம் முழுக்க அந்தப் பதில்தான் வந்தது. சில வீடுகளில் உடனே வந்தது. சில வீடுகளில் ஒரு கிசுகிசுப்புக்குப் பிறகு வந்தது. எதைக் கேட்டாலும் நான் திரும்பிப் போய் லெப்பையிடம், "அழுததாம்" என்றேன். என் குடியில் ஒரு பிள்ளையும் தொழுகை இல்லாமல் மண்ணுக்குள் போகவில்லை. இதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பத்து மாதம் சுமந்தவள் வெறுங்கையோடு கிடக்கிறாள். திரைக்கு வெளியே நிற்கிற ஆம்பிளை அவளுக்குக் கொடுக்கக் கூடியது அந்த ஒரு சொல்தான். அதை எடைபோட்டுப் பார்க்க நான் அந்த வாசலுக்கு நெல் வியாபாரத்துக்குப் போகவில்லை.

நீ அதை எடைபோட்டாய். பள்ளிக்கூட மண்டபத்தில் மரைக்கார்மாரையும் லெப்பையையும் ஆசிரியர்களையும் உட்கார வைத்து, கரும்பலகையில் இரண்டு தூண்கள் கீறினாய். ஒன்று நம் ஊர்கள், மற்றது தமிழ்க் கிராமங்கள். தூணின் கீழ்ப் பகுதி செத்துப் பிறந்த பிள்ளைகள், மேற்பகுதி பிறந்து சற்று நேரத்தில் செத்த பிள்ளைகள். இரண்டு தூணும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் நம் தூணில் கீழ்ப்பகுதி சிறுத்து மேற்பகுதி வீங்கியிருந்தது. அவர்கள் தூணில் கீழ்ப்பகுதி வீங்கி மேற்பகுதி சிறுத்திருந்தது. வசந்தி எழுந்து, "எங்கட பக்கம் ரெண்டு மூச்சு விட்டிட்டுப் போன புள்ளையையும் செத்துப் பிறந்தது எண்டுதான் சொல்லுவாங்க. அப்பதான் தாய் கெதியா மறப்பாளாம்" என்றாள். நீ சொன்னாய்: "நாங்க அழாத புள்ளைய அழுத எண்டு சொல்றம். அவங்க அழுத புள்ளைய அழல்ல எண்டு சொல்றாங்க. ரெண்டும் இரக்கத்துல சொல்றதுதான். ஆனா இந்த ஒரு கேள்விக்கு இந்தக் கரையில கிடைக்கிற பதில நம்பி ஒண்டும் செய்ய ஏலா."

ஹாஜியார் விடுவாரா? "கேட்டீங்களா, மரைக்கார்ர மகள் நம்மட பொம்பிளைகளப் பொய்க்காரியள் எண்டு கரும்பலகையில கீறிக் காட்டுறா" என்றார். மண்டபம் சிரித்தது. நான் சிரிக்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ என் பக்கம் திரும்பி, ஊரிடம் பேசுகிற குரலை விட்டுவிட்டு, வீட்டுக் குரலில் சொன்னாய்: "வாப்பா, அழுத எண்டு சென்னா அந்தப் புள்ளைக்குத் தொழுகை கிடைக்கும். ஆனா அடுத்த தாய்க்கு வாகனம் கிடைக்காது." பிறகு விளங்கப்படுத்தினாய். வயிற்றுக்குள்ளேயே முந்திச் செத்த பிள்ளைக்கு ஒரு காரணம். பிறந்து மூச்சு விட்டுச் செத்த பிள்ளைக்கு வேறு காரணம். பிள்ளைப்பேற்று நோவு வந்த பின் வீட்டிலும் வழியிலும் காத்துக் கிடந்ததால் செத்த பிள்ளைக்கு இன்னொன்று. இந்த மூன்றாவது பிள்ளைகளைத்தான் நாங்கள் "ஒரு சத்தம்" என்ற சொல்லுக்குள் ஒளித்து வைத்தோம். பிறந்து, அழுது, அல்லாஹ்வின் நாட்டப்படி போய்விட்டது என்றால், தாய் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தாள் என்று ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. அதனால் பதிலை நம்ப முடியாத இடத்தில், அழுததையும் அழாததையும் பிரிக்காமல் ஒரே கூட்டலாக எடுத்து, தாய் காத்திருந்த நேரத்தைக் கேட்க வேண்டும் என்றாய். அது உன் முறை. எனக்கு அன்று அதில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி என்னைச் சுட்டது. வெளியே வந்து உன்னோடு கதைக்காமல் சைக்கிளை எடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் நீ பேசியது கிடுகு வேலிகளுக்கு ஊடாக எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். அடுத்த நாள் பகல், மீன் வியாபாரியின் பெண்சாதி நசீமா நம் வாசலில் வந்து நின்றாள். என் குடிப் பெண். முந்தின மாரியில் அவளுடைய பிள்ளையை நான்தான் அடக்கினேன். கையிலிருந்த மா காயவில்லை. இடியப்பத்துக்குப் பிசைந்த பாதியில் எழும்பி வந்திருந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "மரைக்கார், நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க. என்ட புள்ள அழுதிச்சா?" என்றாள். நான் உடனே, "அழுதது" என்றேன். அவள் உன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. நீ படிச்சவ."

நான் உன்னைப் பார்த்தேன். மகள், உனக்கு இப்போது உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் நீ பொய் சொல்ல வேண்டும் என்று நான் துஆக் கேட்டேன். நீ பொய்யும் சொல்லவில்லை, நான் பயந்ததையும் சொல்லவில்லை. "ராத்தா, உங்கட புள்ளையப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. நான் எல்லாரையும் சேத்து எண்ணினது. அதுல இருந்து ஒரு புள்ளைய எடுத்து, இது அழுதிச்சி, இது அழல்ல எண்டு சொல்ல என்ட கணக்கால ஏலா. சொன்னா அது பொய்" என்றாய். நழுவுகிறாய் என்று நினைத்தேன். படித்தவர்களின் வழக்கமான வழுக்கல் என்று மனதுக்குள் ஏசினேன். நீ அவளுடைய மாக் கையைப் பிடித்து, அவளைப் படியில் இருத்தி, ஒரு படி கீழே நீ இருந்தாய். "நோ எப்ப வந்த? எப்ப வெளிக்கிட்டீங்க?" என்று கேட்டாய்.

அதன் பிறகு அவள் பேசியது உனக்குத் தெரியும். ஊர் வாசிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன், அவளிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நோவு வந்தது. புருசன் மீன் பெட்டியோடு சைக்கிளில் போயிருந்தான். ஆம்பிளைத் துணை இல்லாமல் எப்படி வாகனத்தில் ஏற்றுவது, மகன் வரட்டும் என்றாள் மாமி. மகன் வருவதற்குள் ஊரடங்கு. பிறகு வாகனக்காரன் வரமாட்டேன் என்றான். பிறகு ஒருவன் வந்தான், சாவடியில் நிறுத்தி வைத்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவள் அழவில்லை. "இத்தனை நாளும் வந்தவங்க எல்லாம் புள்ள அழுதிச்சா எண்டுதான் கேட்டாங்க. நான் அங்க கிடந்து கத்தின சத்தத்த ஒருத்தரும் கேக்கல்ல" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் சங்கடப்பட்டிருக்க மாட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். உம்மா ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தாள். அவள் குடித்துவிட்டு, மா காய்கிறது என்று எழும்பிப் போனாள். போகும்போது அவள் முகம் வந்தபோதிருந்த முகமாக இருக்கவில்லை.

இங்கேதான் உனக்கு ஒரு புத்தி சொல்ல நினைக்கிறேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். போகிற இடத்தில் உனக்குப் பெரிய யந்திரங்கள் இருக்கும். ஒரு தேசத்தின் தாய்மாரையெல்லாம் ஒரு தாளில் அடக்கிக் காட்டும் என்றாய். காட்டட்டும். ஆனால் அன்று நம் படியில் ஒரு படி கீழே இருந்தாயே, அந்த இருப்பை மறந்துவிடாதே. ஒரு பிள்ளையைப் பற்றி என் கணக்குக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருகிற மட்டும்தான் எல்லாப் பிள்ளைகளையும் பற்றிக் கதைக்க உனக்கு உரிமை உண்டு. இதைப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. மில்லுக்கு வரும் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, மூட்டைக்கு இவ்வளவு அரிசி தேறும் என்பேன், தேறும். இந்த நெல்மணி உடையுமா என்று ஒன்றை எடுத்து நீட்டினால் எனக்குத் தெரியாது. இதை நான் அன்று பின்னேரம் எஞ்சினுக்கு எண்ணெய் விடும்போது யோசித்தேன். ஆனாலும் உன்னிடம் வந்து சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

உனக்கு முன் ஒருவன் இருந்தான். அவன் பேர் ஸாலிஹ். மையவாடியில் வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் அடங்கியிருக்கிறான், உனக்குத் தெரியும். அவன் பிறந்தபோது நான் மரைக்கார் இல்லை. அவன் உம்மாவின் குடி என்பதால், அந்தக் குடிக்கு மரைக்காராக இருந்த உம்மாவின் பெரிய மாமாதான் வந்து திரைக்கு வெளியே நின்று கேட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே உம்மாவும் மருத்துவிச்சியும் மட்டும். "அழுதிச்சா?" என்றார். மருத்துவிச்சி, "ஓம். ஒரு சத்தம்" என்றாள். நாங்கள் பேர் வைத்தோம், தொழுதோம். மருத்துவிச்சி மௌத்தாகி எவ்வளவோ காலம். நான் நின்ற இடத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாரி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்காமல் போனதற்கு அந்த மழை போதும். இத்தனை வருடமும் போதுமாகத்தான் இருந்தது.

உன் கேள்வித்தாளுக்கு வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்ததில் நம் வீடும் விழுந்தது. கேள்வி கேட்கும் தாய்மாருக்கு நீ வைத்த வயதெல்லையைத் தாண்ட உம்மாவுக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருந்ததால் அவளையும் கேட்க வேண்டும் என்றாய். நம் வீட்டை விட்டுவிடு என்றேன். விழுந்த வீட்டை விட்டால் முழு வேலையும் பிழை என்றாய். மகளாக நீ கேட்பது முறையில்லை என்று வசந்தியை அனுப்பினாய். அவள் உம்மாவோடு உள்ளறையில் நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தவளுக்கு நானே கதிரை போட்டு, "என்ன மகள், அந்தக் கேள்விக்கு அவ என்ன சென்ன?" என்று கேட்டேன். "அது சொல்ல ஏலாது, ஐயா." "என்ட வீட்டுக் கதைய, என்ட வீட்டுல வெச்சி, எனக்குச் சொல்ல ஏலாதா?" "ஓம் ஐயா. ஏலாது." தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். அவளைப் போன்ற கல்லுப் பிள்ளையை நான் கண்டதில்லை. உன்னைத் தவிர.

மண்டபத்தில் நீ கீறிய தூணில் எங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு துளிச் சுண்ணாம்பாக இருந்தான். மேற்பகுதியிலா, கீழ்ப்பகுதியிலா? எல்லாரும் சிரித்தபோது நான் கீழே பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் ஹாஜியார் இல்லை. அந்தத் துளியைத் தேடிக் கொண்டிருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. நீ என் மகனை என்னிடமிருந்து இரண்டாம் முறை எடுத்துவிட்டதாக நினைத்தேன். மில்லில் நீ பொருத்தம் கேட்டபோது என் நெஞ்சில் கிடந்தது அதுதான். எஞ்சின் நல்ல சத்தம் போட்டது. தேவையான சத்தம்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். என் குடியில் இன்னொரு சிசு மௌத்தானது. ஆள் வந்தது, போனேன், திரைக்கு வெளியே நின்றேன். "அழுதிச்சா?" என்றேன். "ஓம். ஒரு சத்தம்." இதில் ஒரு மாற்றமும் இல்லை. நான் இருக்கும்வரை இராது. லெப்பை முன்கூட்டியே என்னிடம் வந்து, "மரைக்கார், இனி நான் கேக்கிறதா, கேக்காம விடுறதா?" என்று கேட்டார். "கேளுங்க. நானும் கேப்பன். அவங்களும் சொல்லுவாங்க" என்றேன். ஆனால் அன்று திரும்பி நடக்க எடுத்த கால் நடக்கவில்லை. அங்கேயே நின்று, "நோ எப்ப வந்த? எப்ப வெளிக்கிட்ட?" என்று கேட்டேன். பிள்ளையைப் பெற்றவளே பதில் சொன்னாள், பலவீனமான குரலில், ஆனால் கோர்வையாக. அவளுடைய புருசன் நாவிதன்வெளி வயலில் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தானாம். அவன் வரும்வரை காத்திருந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மரைக்கார்மார் கூடினோம். நோவு வந்த பெண் எந்த ஆம்பிளைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, பெண்களோடு பெண்ணாக ஏறலாம், குடியின் பொறுப்பில் போகலாம் என்று நான் யோசனை வைத்தேன். மில் வேனின் சாவி இனிமேல் என் மடியில் இராது, மில் வாசல் ஆணியில் தொங்கும், ஊரடங்கில் காட்ட வெள்ளைக்கொடியும் பக்கத்தில் இருக்கும், எந்தக் குடியும் எடுக்கலாம் என்றேன். ஹாஜியார் எழும்பி, "ஓஹோ, மகள்ர கணக்கு வாப்பாக்கு ஏறிட்டுது போல" என்றார். "மகள்ர கணக்கு எனக்கு விளங்கல்ல ஹாஜியார். வேன் ஓடும் எண்டு மட்டும் விளங்கும்" என்றேன். லெப்பை முதலில் கை தூக்கினார். ஹாஜியாரும் கடைசியில் தூக்கினார், அவருடைய மருமகளுக்கு மாதம் நெருங்குகிறது. இது உன்னால் நடந்தது என்று நீ எங்கும் எழுத வேண்டாம். வேன் என்னுடையது.

நேற்றுப் பகல் உம்மா மில்லுக்குச் சோறு கொண்டு வந்தாள். சோறு வைத்துவிட்டுப் போகாமல் நின்று, "இஞ்சருங்க, புள்ளட வாப்பா. வசந்திக்கிட்ட நான் என்ன சென்ன எண்டு நீங்க என்னையே கேக்கலாமே. நான் சொல்லுவன்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சொல்லத் தயாராக இருந்தாள். எவ்வளவு காலமாகத் தயாராக இருந்தாளோ தெரியாது. நான் அதைக் கேட்கவில்லை. "அண்டைக்கு நோ எப்ப வந்த உனக்கு? நான் எங்க போயிருந்தன்?" என்று கேட்டேன். அவள் நெல் மூட்டையில் இருந்து சொன்னாள். சோறு ஆறிப் போனது. என்ன சொன்னாள் என்பது எனக்கும் அவளுக்கும் உள்ளது, ஆண்டு மலருக்கு இல்லை.

அப்போதுதான் உன் முறையின் மற்றப் பாதி எனக்கு விளங்கியது. அழுததையும் அழாததையும் பிரிக்காமல் ஒரே கூட்டலாக எடுப்பேன் என்றாயே, அந்தக் கூட்டலுக்கு, வாசலில் நின்று பிள்ளை அழுததா என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. ஸாலிஹ் சத்தம் போட்டிருந்தாலும் அதற்குள் இருக்கிறான், போடாவிட்டாலும் இருக்கிறான். அவனை நீ வெளியே விடவில்லை. அவன் அழுதான் என்றே நான் இப்போதும் சொல்கிறேன். என் மௌத்து வரை அப்படித்தான் சொல்லுவேன். நீ மண்டபத்தில் பேசிய முறை பிழை என்பதிலும் மாற்றமில்லை. முதலில் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். இந்த இரண்டிலும் நான் ஒரு அங்குலம் அசையவில்லை என்பதை நீயும் இதை வாசிக்கிற ஊரும் தெரிந்துகொள்ளுங்கள்.

போகிற தேசத்தில் குளிர் என்று உம்மா கவலைப்படுகிறாள். நம் ஊர் வழக்கப்படி மகளான உனக்கென்று கட்டுகிற வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது. நீ வந்து சொல்லும்வரை ஓடு போடமாட்டேன். எங்கே இருந்து எண்ணினாலும் அவனையும் சேர்த்து எண்ணு.

நான் உன்னைப் பொருந்திக்கொண்டேன், மகள். முழுமனதாகப் பொருந்திக்கொண்டேன். நீயும் என்னைப் பொருந்திக்கொள். இதை எழுதும்போது எஞ்சின் ஓடவில்லை.

வாப்பா